சூப்பர் டாப்-அப்பும் ஏழாம் கேள்வியும்

அன்பு மகளுக்கு,

இதனால் சகலமான பேருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நம் ஏரியில் தோணிரேவு தொடங்கிச் சுண்ணாம்புக்குளம் வரையில் தண்ணீரிலும் சேற்றிலும் கரையிலும் வாழ்கிற சகல ஜீவராசிகளுக்கும் மாமாவும், உனக்கு மட்டும் நைனாவுமாகிய நான், யாராலும் நம்ப முடியாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன். ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். நீ நம்பித் தொலைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. உனக்குத் தனியாக அனுப்ப வேண்டிய கடிதம்தான் இது. ஆனால் என் வயதில் வேலையை விட்டு இறங்கப்போகிற ஆண்பிள்ளைகள் இந்தக் கரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிடப் பெரிய முட்டாள்கள் என்பதால் ஊரறிய எழுதுகிறேன்.

இந்த மாதக் கடைசியோடு மீஞ்சூர் கம்பெனியில் என் பம்பு ஆபரேட்டர் உத்தியோகம் முடிகிறது. முப்பத்து நாலு வருஷம் நான் வால்வைத் திருகியதால்தான் வங்காள விரிகுடா இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நாள் லீவு போட்டேன், அன்று கடல் பொன்னேரி ரயில்வே ஸ்டேஷன் வரை வந்து பிளாட்பாரம் டிக்கெட் கேட்டது. இது உனக்குத் தெரிந்த கதைதான். தெரியாத கதை, போன மாதம் நீ புனேயிலிருந்து போன் பண்ணியபோது தொடங்குகிறது. "நைனா, ரிட்டயர் ஆனா கம்பெனி இன்சூரன்ஸ் நின்னுடும். கீழ ஒரு பாலிசி எடு, அதுக்கு மேல சூப்பர் டாப்-அப் ஒண்ணு போட்டுடு. ஒடம்புக்கு ஏதாவதுன்னா ஒதவும்"னு நீ சொன்னாய். அன்றைக்கு வீசிய காற்றில் பாதி வார்த்தைகளை ஏரி தின்றுவிட்டது. எனக்கு வந்து சேர்ந்தது சூப்பர் டாப்-அப்பும் உடம்பும் மட்டும். போன்காரர்கள் இந்தக் காலத்தில் எதைத்தான் விற்கவில்லை, வைத்தியமும் விற்கிறார்கள் போல என்று நினைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கிற ரீசார்ஜ் கடைக்குப் போனேன்.

"சூப்பர் டாப்-அப் ஒண்ணு போடுப்பா."

"எத்தினி நாளைக்கு மாமா?"

"ஆயுசுக்கும்."

"அப்டி பிளானே கெடையாதே. டேட்டா எவ்ளோ வோணும்?"

"டேட்டா வாணாம். நெஞ்சு வலி, கிட்னி, கண்ணு ஆபரேஷன், இதெல்லாம் கவர் ஆவணும்."

கடைக்காரர் என் போனை வாங்கி, பின்பக்கம் திருப்பி, மூடியைத் தட்டிப் பார்த்தார். "மாமா, செட்டுக்கா, ஒனக்கா?"

எனக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு நின்றிருந்த ஒருத்தி அப்போது சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பில் ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் அத்தனையும் எழும்பி ஆந்திராப் பக்கம் போய்விட்டன. அங்கே தெலுங்கு கற்றுக்கொண்டு செட்டிலாகிவிட்டதாகக் கேள்வி. சிரித்தவள் திலகா. சுண்ணாம்புக்குளத்துப் பெண். உன்னைவிட நாலைந்து வயது பெரியவள். கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடித்துக்கொண்டிருந்தவள், இப்போது ஸ்கூட்டியில் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக இன்சூரன்ஸ் ஆலோசனை சொல்கிறாள். "மாமா, அது இந்தக் கடைல கெடைக்காது. நாளைக்கு நானே வூட்டுக்கு வரேன். அதுவரைக்கும் வேற எந்தக் கடைலயும் கிட்னிய கேக்காதீங்க" என்றாள்.

மறுநாள் வந்தாள். உன் அம்மா முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். திலகா நாற்காலியை மறுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தானும் நாலு உரித்துக்கொண்டே பாடம் எடுத்தாள். முதல் நாள் ராத்திரி போனில் நீ ஐந்து தடவை ஆங்கிலமும் தமிழும் கலந்து சொல்லிப் புரியாதது, எனக்கு இரண்டு கூடையில் புரிந்தது. "இது மொத கூடை மாமா, அஞ்சு கிலோ புடிக்கும். இதான் கீழ்ப் பாலிசி. இதுக்கு மேல வழியறத புடிக்க ரெண்டாவது கூடை வெச்சா, அது டாப்-அப். மொத கூடை ரொம்பறவரைக்கும் ரெண்டாவது வாயத் தொறக்காது. அதனாலதான் அது பெருசா இருந்தாலும் பிரீமியம் கம்மி." சரி, அப்புறம் சூப்பர் என்ன சூப்பர் என்று கேட்டேன். "வெறும் டாப்-அப் ஒவ்வொரு வாட்டியும் தனித்தனியா பாக்கும். காத்தால எறங்கி மூணு கிலோ, சாயங்காலம் எறங்கி மூணு கிலோன்னா, எந்த வாட்டியும் அஞ்சு தாண்டலியே, அதனால ரெண்டாவது கூடை தொறக்காது. சூப்பர் டாப்-அப்பு அப்டி இல்ல. வருஷம் பூரா வந்தத ஒண்ணா கொட்டி நிறுக்கும். மூணும் மூணும் ஆறு. அஞ்சு கீழ்க் கூடைக்கு, மீதி ஒண்ணு மேல் கூடைக்கு."

"அடேங்கப்பா! வருஷத்துக்கு எத்தினி கிலோ வரும்?"

"மாமா, எறால்னு நான் சொல்றது ஆஸ்பத்திரி பில்லு."

அதுவரை சந்தோஷமாக எண்ணிக்கொண்டிருந்தேன், கண்ணு. உன் அம்மா இறால் தோலை என் பக்கம் தள்ளிவிட்டு, "இவருக்கு எத சொன்னாலும் திங்கறதாத்தான் தெரியும்" என்றாள்.

அப்போதுதான் என் மூளையில் ஓர் அபாரமான யோசனை உதித்தது. நம் ஏரியில் பாடு ஓடுவது உனக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நல்ல இறால் விழும் இடங்களில் எந்தக் கூட்டம் எந்த நாள் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒருத்தன் முறையில் இன்னொருத்தன் வலை போட்டால் பஞ்சாயத்துதான். ஆகவே திலகாவைக் கேட்டேன். "முப்பத்து நாலு வருஷமா கம்பெனி இன்சூரன்ஸ்ல இருக்கேன். ஒரு நாள்கூட ஆஸ்பத்திரில படுக்கல. அப்ப என் பாடு ஒரு வாட்டிகூட வரலதானே? அத்தினி வருஷம் என் முறைல வலை கட்னது யாரு? சேர்ந்து கெடக்கற பாட்டையெல்லாம் மொத்தமா எனக்குத் திருப்பிக் குடுக்கணுமா இல்லியா?"

திலகா உரித்துக்கொண்டிருந்த இறாலைக் கீழே வைத்தாள். இப்படி ஒரு கேள்வியை அவள் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை. "மாமா, இதுல முறை வந்தவன்தான் பாவம். வராதவன் புண்ணியவான். உங்க பாடு வரவே கூடாதுன்னுதான் நான் வேண்டிக்கறேன். ஆனா ஒண்ணு, காத்துக் கெடந்த வருஷத்துக்கு ஒரு மதிப்பு இருக்குது. அத கம்பெனி ஆபீஸ்லயே போய்க் கேளுங்க. கடைசி நாளைக்கு முன்னாடியே கேக்கணும்" என்றாள்.

மறுநாள் ஆபீசுக்குள் நான் நுழைந்த கம்பீரத்தைக் கண்டு ஏசி தானாக அணைந்துபோனது. அங்கே இருந்த அதிகாரி உன் வயதுக்காரர், நல்ல பொறுமைசாலி. "என் பாட்டை யாரு ஓட்டினாங்க?" என்று மேசையில் ஒரே குத்து குத்தினேன். மேசை இரண்டாகப் பிளந்தது. அவர் ஒரு பாதியில் லேப்டாப்பையும் மறு பாதியில் காபியையும் வைத்துக்கொண்டு நிதானமாக விளக்கினார். "சார், கட்டின பிரீமியம் திரும்ப வராது. ஆனா கம்பெனி எல்லாருக்கும் சேத்து எடுத்த இந்த குரூப் பாலிசி முடியறதுக்கு முன்னாடியே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கலாம். பழைய நோய்க்குக் காத்திருக்கணும்னு சில வருஷம் வெச்சிருப்பாங்க இல்ல? நீங்க குரூப்ல இருந்த காலம் அதுல கழியும். லேட்டா போனா புது ஆள் மாதிரி மொதல்லருந்து காத்திருக்கணும்." அதாவது, கண்ணு, என் பாட்டுக் கணக்கு அடியோடு தப்பில்லை. காத்திருந்ததற்கு மரியாதை உண்டு. ஆனால் முறை முடிவதற்குள் கரையில் போய் நின்று பெயரைச் சொல்ல வேண்டும். பாடு ஓடுகிற நம் ஏரியிலும் அதுதானே வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை திலகா விண்ணப்பத்தோடு வந்தாள். மேல் கூடைக்கு ஒரு தாள், கீழ்க் கூடைக்கு ஒரு தாள். பெயர், வயது, உயரம் எல்லாம் ராஜநடையில் சொல்லிக்கொண்டு போனேன். உயரத்தில் மட்டும் இரண்டு அங்குலம் பேரம் நடந்தது. ஏழாம் கேள்வி வந்தது. 'விண்ணப்பதாரருக்கு ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் முதலியன உண்டா?'

"இல்ல" என்றேன்.

"ஒண்ணும் இல்லியா மாமா?"

"இரும்பு. தட்டிப் பாரு."

அவள் தட்டிப் பார்க்கவில்லை. பேனாவை மூடினாள். "எங்க நைனாவும் இதே மாதிரிதான் சொன்னாரு. அப்ப நான் இந்த வேலைக்கு வரல. நெஞ்சுல அடைப்புன்னு கொண்டுபோய்ச் சேர்த்தோம். மருந்துக் கடையோட பழைய சீட்டு ஒண்ணு வெளிய வந்துச்சு, ஆறு வருஷமா பிரஷர் மாத்திர சாப்டுறாருன்னு. மறைச்சிட்டீங்கன்னு சொல்லி இன்சூரன்ஸ்காரங்க கைய விரிச்சிட்டாங்க. படகை வித்தோம். அவரு பொழச்சிட்டாரு, கரைல உக்காந்து அந்தப் படகு வேற ஆளோட போறத தெனமும் பாத்துட்டிருக்காரு. ஒரே ஒரு 'ஆமா'வ எழுதாததுக்கு மாமா. அதுக்குத்தான் கூடைய வெச்சிட்டு இந்தப் பையத் தூக்கினேன்."

நான் ஏரியைப் பார்த்தேன். கண்ணு, இந்த இடத்தில் நான் ஒரு திமிங்கிலத்தையாவது கொண்டுவந்து பேச்சை மாற்றியிருக்க வேண்டும். அப்போது உன் அம்மா, கையில் இருந்த இறாலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"எழுதும்மா. ஆமான்னு எழுது. சக்கர, நாலு வருஷமா."

"இன்னாடி சொல்ற?"

"இன்னா சொல்றனா? பேண்ட் பாக்கெட்ல மாத்திர அட்டைய வெச்சே தொவைக்கப் போடுவ. எத்தினி அட்டைய நான் காய வெச்சு திரும்ப உள்ளயே வெச்சிருக்கேன் தெரியுமா? டீல சக்கர கம்மியா இருக்குதுன்னு நாலு வருஷமா என்னைக் கஞ்சப்பிசினாரின்னியே, எதுக்குப் போட்டேன் கம்மியா?"

"தெரிஞ்சிருந்தா ஏன் கேக்கல?"

"நீ எந்த ரீல வுடறன்னு பாத்துட்டிருந்தேன்யா. கம்பெனில விட்டமின் குடுக்கறாங்கன்னு சொல்லுவன்னு நெனச்சேன். அதுகூட சொல்லல."

திலகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால், உனக்குப் புனேயில் வேலை கிடைத்த கடிதம் வந்த அதே வாரம், கம்பெனி டாக்டர் என் ரத்தத்தைச் சோதித்தார். என் ரத்தத்தை வைத்து மூன்று கல்யாணத்துக்குப் பாயசம் காய்ச்சலாம் என்றார். ஆஸ்பத்திரி எறும்புகளெல்லாம் வரிசையாக வந்து எனக்கு வணக்கம் வைத்தன. வீட்டுக்கு வந்தால் நீ பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாய். "நைனா, நான் போலாம்தானே? நீ நல்லாத்தானே இருக்க?"னு கேட்டாய். ஆமாம் என்றால் போவாய், இல்லை என்றால் பெட்டியைப் பிரித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். ஏரியையே தூக்குவேன் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மறுநாள் மாத்திரையைக் கம்பெனி லாக்கரில் வைத்தேன். வார லீவுக்கு மட்டும் ஓர் அட்டை பேண்ட் பாக்கெட்டில் வீட்டுக்கு வரும். உனக்காகத்தான் மறைத்தேன் என்று இத்தனை நாள் என்னையே நான் மெச்சிக்கொண்டேன். அதில் பாதிதான் சரி. மறு பாதி என்ன தெரியுமா? இந்தக் கரையில் இரும்பு மாமா என்று பெயர் எடுத்துவிட்டு, டீக்கடையில் சக்கரை போடாதே என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தேன். அப்படியே ஏழாம் கேள்விக்கும் இல்லை என்று எழுதியிருந்தால், ஒரு நாள் நான் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பேன், நீ கவுண்டரில் நின்று கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாய். சண்டை முழுக்க உன் நைனா பொய்யன் என்பதைப் பற்றியே நடக்கும். அதில் நீ ஜெயிக்கவும் முடியாது.

எழுதினோம். உன் அம்மாவுக்கு மூட்டு வலி என்பதையும் மறைக்காமல் எழுதினோம். கீழ்க் கூடையை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். என் காத்திருப்புக் காலம் அதில் கழிந்துவிட்டது. மேல் கூடையை வேறு கம்பெனியில் எடுத்திருக்கிறேன். சர்க்கரையால் வரும் வியாதிகளுக்கு அங்கே இன்னும் சில வருஷம் காத்திருக்க வேண்டுமாம், பிரீமியமும் கொஞ்சம் கூட்டிவிட்டார்கள். இருக்கட்டும். பாடு வருகிறவரை கரையில் உட்காருவது நம் சாதிக்கே பழக்கம்தான்.

எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் சிலதை உனக்கும் திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் நீயும் கம்பெனி இன்சூரன்ஸை நம்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாய். வேலை மாறினால் அது கூட வராது. உடம்பு கேள்வி கேட்காத வயதிலேயே உன் பெயரில் ஒரு சின்னக் கீழ்க் கூடையாவது எடுத்து வை. மேல் கூடை எங்கே திறக்கிறதோ, அந்த அளவுக்குக் கீழ்க் கூடை இருக்கிறதா என்று பார். நடுவில் இடைவெளி இருந்தால் அதை நாம்தான் நிரப்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏரி பார்த்த ரூம் வேண்டும் என்று கேட்காதே. ரூம் வாடகைக்குப் பாலிசியில் வரம்பு இருந்து, அதைத் தாண்டிய ரூமில் படுத்தால், வாடகையில் மட்டும் வெட்ட மாட்டார்கள், மற்ற பில்லிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். வயதானவர்களுக்கான சில பாலிசிகளில் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும் என்று இருக்கும். கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியைத் தேடு. நம்மிடம் இருக்கிற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் தூக்கிப் போடவில்லை. அதில் எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சிகிச்சை, யாருக்குத் தகுதி என்று திலகா கேட்டு எழுதித் தருவாள். தாள்கள் எல்லாம் டிவிக்குக் கீழே நீல ஃபைலில் இருக்கின்றன. போட்டோ எடுத்து உனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் அம்மா இப்போது சர்க்கரையே இல்லாத டீயைத் தலை நிமிர்ந்து கொடுக்கிறாள், நானும் தலை நிமிர்ந்து குடிக்கிறேன். மாத்திரை லாக்கரை விட்டு வெளியேறி, சாமி படத்துக்குப் பக்கத்தில் பதவியேற்றிருக்கிறது. "அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். மறைச்சவரு நீ, நீயே சொல்லு"னு உன் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மூன்று நாள் யோசித்தேன். போனில் சொன்னால் உன் குரல் மாறும், என் வாய் உடனே ஒரு திமிங்கிலத்தைப் பிடித்து வந்துவிடும். அதனால்தான் எழுத்து.

பூநாரைகளுக்குத் தெலுங்கு தெரியாது. கடல் பிளாட்பாரம் டிக்கெட் கேட்கவில்லை. ஆபீஸ் மேசை முழுசாகத்தான் இருக்கிறது, நான் அதை மெதுவாகத் தட்டினேன், அதற்கே கை வலித்தது. இன்சூரன்ஸ் பற்றி எழுதியதெல்லாம் திலகாவும் ஆபீஸ் அதிகாரியும் சொன்னது, அதில் நான் உப்பு காரம் சேர்க்கவில்லை. என் பங்குக் கதையில் ஒரே ஒரு சின்ன விஷயம்தான் நெஜம், கண்ணு. சக்கரை. கட்டுக்குள்தான் இருக்கிறது. டிக்கெட் போடாதே, போன் பண்ணு.

உன்,
நைனா